பூட்டின்: கியூபெக் முறையில் வீட்டில் செய்யும் வழி

நீளத் துண்டுகளாகப் பொரித்த உருளைக்கிழங்கு வறுவல் (பிரெஞ்ச் ஃபிரைஸ்), அழுத்தி முதிரவைக்கப்படாத இளம் சீஸ் துணுக்குகள், மிளகு மணக்கும் பழுப்பு கிரேவி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்த பூட்டின். இவற்றைத் தனித்தனியே செய்வதில் புதிதாகச் சமைப்பவர்கள்கூட அதிகம் தடுமாறுவதில்லை. மூன்றும் கிண்ணத்தில் ஒன்றுசேரும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான் உணவு கெடுகிறது. வறுவல் ஆறியிருந்தால் கிரேவியில் ஊறிக் கூழாகிவிடும். கிரேவி ஆறியிருந்தால் சீஸ் இளகாமல் விறைத்து நிற்கும். சீஸ் தவறானதாக இருந்தால் முழுவதும் உருகி நூலாக ஓடிவிடும். ஆகவே இந்தக் கட்டுரை பொருள்களின் அளவைச் சொல்வதோடு நில்லாமல், எதை எப்போது தொடங்கி எதை எப்போது முடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே விளக்குகிறது.

இது வெகு பழைய உணவன்று. கியூபெக் நகரத்துக்கும் மொன்றியலுக்கும் இடைப்பட்ட பால்பண்ணைப் பகுதியில், 1950களின் இறுதியில் உருவானது. வார்விக் என்ற சிற்றூரில் ஃபெர்னான் லாஷான்ஸ் என்பவர் நடத்திய ‘லெ லூட்டான் கி ரி’ உணவகத்தில், 1957-இல் எடி லெனெஸ் என்ற வாடிக்கையாளர் வறுவலையும் சீஸ் துணுக்குகளையும் ஒரே பையில் போட்டுத் தரும்படி கேட்டார் என்பது ஒரு தரப்பின் வரலாறு. அருகிலுள்ள ட்ரம்மண்ட்வில் நகரின் ‘லெ ருவா ஜூசெப்’ உணவகமோ, வறுவல், சீஸ், கிரேவி மூன்றையும் ஒன்றாக்கி 1964-இல் விற்றவர் தங்கள் நிறுவனர் ழான்-போல் ருவாதான் என்கிறது. இந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. ஆனால், இரண்டு ஊர்களிலும் அன்றன்று செய்த சீஸ் துணுக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டினின் இயல்பு சீஸின் அந்தப் புத்தம்புதுத் தன்மையைச் சார்ந்தே இருக்கிறது. சமைப்பவரின் முதல் அலைச்சலும் அதற்காகத்தான்.

சீஸ்: முதலில் தேட வேண்டிய பொருள்

பாலைப் புரையூட்டி, ரென்னெட் என்னும் நொதியால் உறையவைத்து, வெட்டிச் சூடேற்றி, ஊனீரை (உறைந்த பாலிலிருந்து பிரியும் நீரை) வடித்த பின் கிடைக்கும் கட்டியை அச்சில் இட்டு அழுத்தி மாதக்கணக்கில் முதிரவிட்டால் அது செடார் என்னும் சீஸ் ஆகிறது. அழுத்துவதற்கு முன்பே, விரல் பருமனில் வெட்டி உப்பிட்டு விற்றால் அதுவே சீஸ் கர்ட். கியூபெக்கில் பொதியின் மீது ‘ஃப்ரோமாஜ் ஆன் க்ரேன்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அன்று செய்த சரக்கை அங்குள்ள கடைகளில் குளிர்ப்பெட்டிக்கு வெளியே, பணம் செலுத்தும் மேசைக்கு அருகிலேயே வைத்திருப்பதைக் காணலாம்.

புதிய துணுக்கைக் கடித்தால் பல்லில் உரசிக் கீச்சென்று ஒலிக்கும். பால் புரதமான கேசீன், கால்சியத்தின் பிணைப்பால் இறுக்கமான வலையாக இருப்பதே இதற்குக் காரணம். நேரம் செல்லச் செல்ல அமிலம் கூடி அந்தக் கால்சியம் கரைவதாலும், நொதிகள் புரதத்தைச் சிறுகச் சிறுக உடைப்பதாலும் வலை தளர்ந்து ஒலி மறைகிறது. அதே இறுக்கம்தான் சூடான கிரேவி பட்டதும் துணுக்கு உடனே உருகிவிடாமல், ஓரம் மட்டும் இளகி நடுவில் உருவம் குலையாமல் நிற்கவும் உதவுகிறது. எனவே கீச்சொலியை வெறும் வேடிக்கையாகக் கொள்ளாமல், வாங்கும் சரக்கின் தரத்துக்கான சோதனையாகவே கொள்ளலாம். குளிர்ப்பெட்டியில் ஓரிரு நாள் இருந்த துணுக்குகளை மைக்ரோவேவில் சில வினாடிகள் மட்டும் வைத்தெடுத்தால் கீச்சொலி ஓரளவு திரும்பும். அதற்கு மேல் வைத்தால் நெய் கசியத் தொடங்கும்.

ரொறன்ரோ, ஒட்டாவா போன்ற நகரங்களில் பெரும்பாலான பலசரக்கு அங்காடிகளில் சீஸ் கர்ட் கிடைக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் இதற்குப் பெயர் பெற்றது. கனடாவுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் பொதியில் உள்ள தேதியைப் பார்த்து, இருப்பவற்றுள் மிகப் புதியதை எடுக்க வேண்டும். தூய சைவ உணவு உண்பவர்கள் உட்பொருள் பட்டியலையும் படிப்பது நல்லது. ரென்னெட் மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. நுண்ணுயிர்வழி ரென்னெட் என்று குறிப்பிட்டிருந்தால் தயக்கமின்றி வாங்கலாம்.

சீஸ் கர்ட் எளிதில் கிடைக்காத தமிழ்நாடு போன்ற இடங்களில் என்ன செய்வது என்ற கேள்விக்கு, பலரும் முதலில் நினைப்பது பன்னீர். அது இங்கே உதவாது. கொதிக்கும் பாலை எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பால் திரித்துச் செய்யப்படும் பன்னீர் எவ்வளவு சூட்டிலும் இளகாது. கிரேவிக்கு நடுவே தனியே கிடக்கும். ஹலூமி என்னும் சீஸ் கீச்சென்று ஒலித்தாலும் அதுவும் இளகுவதில்லை. ஈரம் குறைந்த மொசரெல்லா கட்டியை வாங்கி, கத்தியால் வெட்டாமல் கையாலேயே 2 செ.மீ. அளவுள்ள ஒழுங்கற்ற துண்டுகளாகப் பிய்த்துக்கொள்வதே ஏற்கத்தக்க மாற்று. மொசரெல்லா விரைவில் உருகிவிடும் என்பதால் அதைக் கடைசி நிமிடம் வரை குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். சீஸ் கர்ட்டுக்கு இதற்கு நேர்மாறான முறை: பரிமாறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெளியே எடுத்து வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். பீட்சாவுக்கான துருவிய சீஸ் எந்த நிலையிலும் வேண்டாம். அதைத் தூவிச் செய்யும் பண்டம் சுவையாகவே இருக்கலாம். ஆனால் அது சீஸ் வறுவலே தவிர, பூட்டின் அன்று.

பொறுமையும் ஓர் அரை நாள் ஓய்வும் உள்ளவர்கள் துணுக்குகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 4 லிட்டர் முழுக்கொழுப்புப் பாலிலிருந்து ஏறத்தாழ 400 கிராம் கிடைக்கும். மிகையாகச் சூடாக்கி அட்டைப்பெட்டியில் அடைத்து வரும், மாதக்கணக்கில் கெடாத பால் இதற்குச் சரிப்படாது. அதன் புரதம் ஏற்கெனவே மாறிவிட்டிருப்பதால் உறுதியாக உறையாது. சாதாரணப் பாஸ்டரைஸ் செய்த பாலை 32 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, சீஸ் செய்வோருக்கென விற்கப்படும் மீசோஃபிலிக் புரையைத் தூவி 45 நிமிடம் மூடி வைக்க வேண்டும். பிறகு சிறிது நீரில் கரைத்த கால்சியம் குளோரைடையும், அதன்பின் குளிர்ந்த நீரில் கரைத்த ரென்னெட்டையும், குப்பியில் குறித்துள்ள அளவில் சேர்த்து மென்மையாகக் கலக்கி, மேலும் 45 நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். கத்தியைச் செருகித் தூக்கும்போது பிளவு தெளிவாக விழுந்து, அதில் தெளிந்த ஊனீர் ஊறினால் வெட்டும் பதம் வந்துவிட்டது. 1 செ.மீ. கட்டங்களாக வெட்டிச் சில நிமிடம் ஆறவிட்டு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் மெல்ல மெல்லச் சூட்டை 39 டிகிரிக்கு ஏற்றிக்கொண்டே கிளறி, அதே சூட்டில் இன்னும் அரை மணி நேரம் வைத்திருந்து வடிகட்ட வேண்டும். வடிந்தபின் ஒன்றாக ஒட்டிப் பாளமாகும் கட்டியை இரண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெதுவெதுப்பான பாத்திரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தால், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் அது இறுகி, பிய்த்தால் நாராகப் பிரியும் நிலைக்கு வரும். அப்போது விரல் பருமனில் பிய்த்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைப் பிசிறினால் வேலை முடிந்தது. அன்றே உண்பதற்கு இதைவிடச் சிறந்த சீஸ் கியூபெக்கிற்கு வெளியே கிடைப்பது அரிது.

அளவுகள்

நான்கு பேருக்கு, மாவுத்தன்மை மிகுந்த உருளைக்கிழங்கு 1 கிலோ, சீஸ் துணுக்குகள் 350 முதல் 400 கிராம், பொரிப்பதற்குக் கனோலா அல்லது கடலை எண்ணெய் 2 லிட்டர் தேவை. கிரேவிக்கு வெண்ணெய் 55 கிராம், மைதா 4 மேசைக்கரண்டி, மாட்டெலும்புச் சாறு 450 மி.லி., கோழிச் சாறு 250 மி.லி., பொடியாக நறுக்கிய சிறிய வெங்காயம் ஒன்று, பூண்டுப் பல் ஒன்று, தக்காளி கெட்சப் 1 தேக்கரண்டி, வூஸ்டர் சாஸ் 1 தேக்கரண்டி, ஆப்பிள் சைடர் வினிகர் 1 தேக்கரண்டி, 2 மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்த சோளமாவு 1 மேசைக்கரண்டி, அப்போது இடித்த மிளகு அரைத் தேக்கரண்டிக்குக் குறையாமல், இறுதியில் தேவைக்கேற்ப உப்பு.

கிரேவி

கிரேவியை முன்கூட்டியே செய்துவைக்கலாம் என்பதால் அடுப்பு வேலை அதிலிருந்து தொடங்குகிறது. கியூபெக் உணவகங்களில் மாட்டுச் சாறும் கோழிச் சாறும் கலந்த பழுப்பு சாஸ் பரவலாகப் புழங்குகிறது. மாட்டுச் சாறு நிறத்தையும் ஆழ்ந்த சுவையையும் தருகிறது. கோழிச் சாறு அந்தக் கனத்தைத் தணிக்கிறது. பல சிறு உணவகங்களும் வீடுகளும் ஆயத்தப் பொடியையே நம்புகின்றன. 1951-இல் மொன்றியலில் தொடங்கிய கோழி உணவகக் குழுமமான செயின்ட் ஹூபெர்ட் தன் பெயரில் விற்கும் சாஸ் பொடியும் தகர டப்பாவும் கியூபெக் சமையலறைகளில் வெகு சாதாரணம். அவசரத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. ஆயினும் கீழே உள்ள முறை அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பதால் நான் பொடியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை மிதமான சூட்டில் உருக்கி, வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, பூண்டைச் சேர்த்து அரை நிமிடம் கிளறியதும் மைதாவைத் தூவ வேண்டும். இங்கே அவசரப்படக் கூடாது. மைதாவின் பச்சை வாசனை போய், வறுத்த கடலையை ஒத்த மணம் எழுந்து, கலவை இளம்பழுப்பாகும் வரை ஐந்து முதல் ஏழு நிமிடம் இடைவிடாது கிளறினால்தான் கிரேவிக்கு நிறமும் சுவையும் வரும். ஆனால் நிறம் ஏற ஏற மாவின் கெட்டிப்படுத்தும் திறன் குறைந்துகொண்டே போகும். நீண்ட வறுப்பில் மாவுச்சத்தின் தொடர்கள் உடைந்துவிடுவதே காரணம். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் கடைசியில் சோளமாவு வருகிறது. மைதாவையே அதிகமாகப் போட்டு ஈடுகட்ட முயன்றால் கிரேவி களியாகிவிடும்.

சாற்றைத் தனியே சூடாக்கி வைத்துக்கொண்டு, முதலில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றி விஸ்கால் (கம்பி மத்தால்) நன்றாக அடித்து, கட்டியில்லாத விழுதானபின் மீதியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கெட்சப், வூஸ்டர் சாஸ், வினிகர், மிளகு ஆகியவற்றைச் சேர்த்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறு தீயில் பத்து முதல் பதினைந்து நிமிடம் காய்ச்ச வேண்டும். வினிகரை விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெயில் பொரித்த கிழங்கு, கொழுப்பு நிறைந்த சீஸ், வெண்ணெயில் தொடங்கிய கிரேவி ஆகிய மூன்றுக்கும் எதிராக நிற்கும் முதன்மையான புளிப்பு அதுதான். அது இல்லாவிட்டால் நான்காவது வாயிலேயே திகட்டிவிடும்.

பிறகு சோளமாவுக் கரைசலை ஊற்றிக் கிளறி ஒரு நிமிடம் கொதித்ததும் பதம் பார்க்கலாம். கரண்டியின் பின்புறத்தில் கிரேவி படிந்து, விரலால் இழுத்த கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் போதுமானது. வறுவல்களுக்கு இடையே வழிந்து இறங்கும் அளவுக்கு இளக்கமாகவும், இறங்கும் வழியில் ஒவ்வொன்றிலும் படியும் அளவுக்குக் கெட்டியாகவும் அது இருக்க வேண்டும். கெட்டியாகத் தோன்றினால் சாற்றையே சேர்க்கவும், வெந்நீரை அல்ல. வடிகட்டிய பின்னரே உப்பைச் சரிபார்க்க வேண்டும். கடைச் சாற்றிலும் சாறுக் கட்டியிலும் உப்பு மிகுதி. சீஸிலும் உப்பு உண்டு. வறுவலிலும் உப்புத் தூவப்போகிறோம். ஆகையால் தனியே சுவைக்கும்போது உப்பு சற்றே குறைவாகத் தோன்றுவதுதான் சரியான அளவு.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் முழுவதும் கோழிச் சாற்றையே பயன்படுத்தி, நிறத்துக்கும் ஆழத்துக்கும் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் சேர்க்கலாம். சைவத்துக்கு, காளான், வெங்காயம், கேரட் ஆகியவற்றை நன்கு சிவக்க வறுத்து, ஒரு கரண்டி தக்காளி விழுதையும் அதிலேயே வதக்கி, நீர் ஊற்றி ஒரு மணி நேரம் காய்ச்சி வடித்த சாறு நல்ல பலன் தரும். உலர்ந்த ஷிடாக்கே காளான் நான்கைந்து சேர்த்தால் இன்னும் சிறப்பு. வூஸ்டர் சாஸில் பொதுவாக நெத்திலி மீன் சேர்க்கப்படுகிறது என்பதைச் சைவர்கள் கவனத்தில் கொண்டு, அதற்குப் பதிலும் சோயா சாஸையே பயன்படுத்த வேண்டும். வீட்டில் எலும்புச் சாறு காய்ச்சுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பழக்கத்தில் கை பட்டை கிராம்புப் பக்கம் போகும். அவை இங்கே வேண்டாம். மிளகு ஒன்றே போதும்.

முடிந்த கிரேவியை மூடி, மிகச் சிறிய தீயில் வைத்து, ஆடை படராமல் அவ்வப்போது கிளறிவிட வேண்டும். பரிமாறும் கணத்தில் அது ஆவி பறக்கச் சூடாக இருக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது.

வறுவல்

வட அமெரிக்காவில் இருப்பவர்கள் தோல் கரடுமுரடான ரசட் வகையைத் தயங்காமல் எடுக்கலாம். இந்தியாவில், சிப்ஸ் செய்வதற்கென்றே உருவாக்கப்பட்ட குஃப்ரி சிப்சோனா வகை கிடைத்தால் அது மிகப் பொருத்தமானது. நீர்ப்பற்று குறைவு, சர்க்கரையும் குறைவு. கிடைக்காவிட்டால் தோல் தடித்த பழைய கிழங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய தோலுள்ள புதுக்கிழங்கில் நீர் அதிகம் என்பதால் வறுவல் மொறுமொறுப்பாக நிற்காது. எந்த வகையானாலும் குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது. குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அதைப் பொரித்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துக் கசந்துவிடும்.

தோலைச் சீவி, 1 செ.மீ.க்குச் சற்றே கூடுதலான பருமனில் நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும். துரித உணவகங்களின் மெல்லிய வறுவல் கிரேவியைத் தாங்காது. வெட்டியவற்றைக் குளிர்ந்த நீரில் போட்டு, நீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை மாற்றி, பின் அரை மணி நேரமாவது ஊறவிட வேண்டும். முந்தைய இரவே ஊறவைத்தாலும் நன்று. வெட்டுமுகத்தில் கசிந்த மாவும் சர்க்கரையும் கழுவப்படுவதால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், எங்கும் ஒரே நிறமாகச் சிவக்கும். வடித்தபின் பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துவது அவசியம். நீர் எண்ணெயில் சிதறிச் சுடும் என்பதோடு, எண்ணெயின் சூட்டையும் சட்டென்று இறக்கிவிடும்.

எண்ணெய், பாத்திரத்தின் பாதிக்கு மேல் வரக் கூடாது. ஆழமான இரும்பு வாணலியோ கனமான குண்டானோ சிறந்தது. வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். துண்டைப் போட்டுக் குமிழி பார்க்கும் பழக்கம் பஜ்ஜிக்குப் போதும், இரண்டு சூட்டில் பொரிக்கும் இந்த வேலைக்குப் போதாது. பக்கத்தில் பொருத்தமான மூடியும் இருக்கட்டும். எண்ணெய் தீப்பற்றினால் மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவது பேராபத்து.

முதல் பொரிப்பின் நோக்கம் வேகவைப்பது மட்டுமே. எண்ணெயை 155 டிகிரிக்குச் சூடாக்கி, கிழங்கை நான்கு பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஐந்து முதல் ஆறு நிமிடம் பொரித்து, நிறம் ஏறுவதற்கு முன்பே ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுக்க வேண்டும். துண்டு வெளிறித் துவண்டிருக்கும், அழுத்தினால் நசுங்கும். ஏமாற்றம் தரும் தோற்றந்தான், ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் கொட்டினால் சூடு விழுந்து, கிழங்கு பொரிவதற்குப் பதில் எண்ணெய் குடிக்கும். எடுத்தவற்றைக் கம்பித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, குறைந்தது இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். இந்த ஓய்வில் மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி வெளியேறுவதால்தான் அடுத்த பொரிப்பில் மேலோடு உறுதியாகப் பிடிக்கிறது. இரண்டு மணி நேரம் வரை ஆறினாலும் கேடில்லை. விருந்தினர் வரும் நாளில் இது பெரிய வசதி.

இரண்டாம் பொரிப்பு, உண்பவர்கள் மேசைக்கு வந்த பின்னரே தொடங்க வேண்டியது. எண்ணெய் 190 டிகிரியில் இருக்க, இரண்டு பங்காக, ஒவ்வொன்றும் இரண்டு முதல் மூன்று நிமிடம். வெறுமனே தின்னும் வறுவலை இளம்பொன்னிறத்தில் எடுத்துவிடலாம். பூட்டினுக்கானதை அதைவிடச் சிறிது கூடுதலாக, ஆழ்ந்த பொன்னிறம் வரும் வரை விட வேண்டும், ஏனெனில் இனி அதன்மேல் திரவம் விழப்போகிறது. எடுத்த உடனே ஒரு பெரிய கிண்ணத்தில் போட்டு, மெல்லிய உப்பைத் தூவிக் குலுக்க வேண்டும்.

அடுமனை அடுப்பிலோ (ஓவன்) ஏர் ஃபிரையரிலோ செய்யலாமா என்றால், செய்யலாம். உப்பும் சிறிது வினிகரும் சேர்த்த நீரில் கிழங்கை முக்கால் பதத்துக்கு வேகவைத்து வடித்து, எண்ணெய் பிசிறி, அடுமனையானால் 220 டிகிரியில் ஒருமுறை திருப்பிவிட்டு 35 முதல் 40 நிமிடம் சுட்டால் உண்ணத்தக்க வறுவல் கிடைக்கும். கிரேவியைத் தாங்கும் ஆற்றல் மட்டும் பாதிதான்.

ஒன்றுசேர்த்தல்

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவது நலம். இரவு எட்டு மணிக்கு உண்ண வேண்டுமானால், ஏழு மணிக்குள் சீஸ் துணுக்குகள் வெளியே வந்திருக்க வேண்டும்; முதல் பொரிப்பும் கிரேவியும் ஏழரைக்கு முடிந்திருக்க வேண்டும்; ஏழே முக்காலுக்கு எண்ணெய் மீண்டும் சூடேற, கிண்ணங்கள் வெந்நீரிலோ அடுமனையின் குறைந்த சூட்டிலோ வெதுவெதுப்பாக, ஏழு ஐம்பதுக்கு இரண்டாம் பொரிப்பு. கிரேவியை அந்நேரம் ஒருமுறை கொதிக்கவிட்டுத் தயாராக வைத்திருக்க வேண்டும். நான்கு கிண்ணங்களையும் ஒரே வீச்சில் நிரப்ப ஒருவரால் முடியாவிட்டால், இரண்டிரண்டாகச் செய்து முதல் இருவரை உடனே உண்ணச் சொல்லிவிடுவதே முறை. மற்றவர்களுக்காகக் காத்திருக்கும் நாகரிகம் இந்த உணவுக்கு ஒத்துவராது.

கிண்ணம் அகலத் தட்டாக இல்லாமல் ஓரளவு ஆழமாக இருந்தால் சூடு தங்கும். பாதி வறுவலைப் பரப்பி, பாதித் துணுக்குகளைத் தூவி, ஒரு சிறு கரண்டி கிரேவியை ஊற்றிய பின், மீதி வறுவலையும் மீதித் துணுக்குகளையும் அதன்மேல் இட்டு, எஞ்சிய கிரேவியைச் சீஸின் மீதே நேராகப் படும்படி ஊற்ற வேண்டும். ஒரே அடுக்காகச் செய்தால் மேலே இருப்பது தீர்ந்தபின் அடியில் வெறும் வறுவலே மிஞ்சும். ஒருவருக்குச் சீஸ் 90 முதல் 100 கிராம், கிரேவி 150 மி.லி. என்ற அளவு பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஊற்றியபின் ஒரு நிமிடம் பொறுத்தால், கீழ்த் துணுக்குகள் இளகி வறுவலைப் பிடித்துக்கொள்ளும். மேலே இருப்பவை ஓரம் மட்டும் பளபளத்து, கடித்தால் இன்னும் எதிர்த்து நிற்கும். உண்பதற்கு முள்கரண்டிதான் சரி.

சீஸ் முழுவதும் உருகிவிட்டால் அது பழையதாகவோ துண்டு சிறியதாகவோ இருந்திருக்கும்; சற்றும் இளகவில்லையெனில் நேரே குளிர்ப்பெட்டியிலிருந்து வந்திருக்கும், அல்லது கிரேவி ஆறியிருக்கும். கிண்ணத்தை மைக்ரோவேவில் வைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம், வறுவல் போய்விடும். மேலும் இரண்டு கரண்டி கொதிக்கும் கிரேவியே மருந்து.

மேலே சேர்ப்பவை

கியூபெக்கிலேயே வழக்கிலுள்ள மாற்று வடிவங்கள் சில உண்டு. வேகவைத்துப் பிய்த்த கோழியும் பச்சைப் பட்டாணியும் சேர்ந்தால் அது ‘கல்வோட்’. பழுப்பு கிரேவிக்குப் பதில் கொத்திறைச்சித் தக்காளி சாஸ் ஊற்றினால் ‘இத்தாலியன்’. 1968-இல் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கிய மொன்றியலின் ‘லா பாங்கீஸ்’ உணவகம் இன்று முப்பதுக்கும் மேற்பட்ட வகைகளைத் தருகிறது. அந்நகரத்துப் புகையூட்டிய மாட்டிறைச்சியைச் சேர்ப்பதும் பரவலானது. கனடாவின் கிழக்குக் கடலோரப் பகுதியில் வாழும் பிரெஞ்சு வழியினரான அக்காடியர்களின் ‘பூட்டின் ராப்பே’ என்பது பெயரளவில் மட்டுமே உறவு. அது பன்றியிறைச்சி வைத்து வேகவைத்த கிழங்கு உருண்டை.

ரொறன்ரோ போன்ற நகரங்களில் பட்டர் சிக்கன் பூட்டின் விற்கும் கடைகள் இருப்பதைப் பார்த்து, நம் வீட்டு ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. அப்படியே ஊற்றினால் சரிவராது. நம் குழம்பு மாவால் கெட்டிப்படுவதில்லை. வெங்காயத்தாலும் தேங்காயாலும் திரண்டு, மேலே எண்ணெய் பிரிந்து நிற்பதையே நாம் பதம் என்கிறோம். அந்த எண்ணெய் வறுவலுக்குள் இறங்கி அதைச் சொதசொதப்பாக்கும். நீர்ப்பகுதி அடியில் தேங்கும். புளி சேர்ந்திருந்தால் சீஸோடு சண்டையிடும். செய்துதான் ஆக வேண்டுமென்றால், மிதக்கும் எண்ணெயை அகற்றி, புளியில்லாத குழம்பை வடிகட்டி, அதே அளவு கோழிச் சாறு கலந்து, சோளமாவுக் கரைசலால் மேலே சொன்ன கரண்டிப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இறைச்சித் துண்டுகளை எலும்பு நீக்கி, சிறிதாகப் பிய்த்து, இறுதியில் மேலே வைக்கலாம். முதல்முறை செய்பவர்கள் மட்டும் இதில் இறங்காமல், அடிப்படை வடிவத்தை ஒருமுறை செய்து கிரேவியின் பதம் கையில் படிந்தபின் முயல்வது நல்லது.

ஒன்றுசேர்த்த பூட்டின் மிஞ்சினால் அதை எடுத்துவைத்துப் பயனில்லை. பகுதிகளைத் தனித்தனியே வைத்திருக்கலாம். கிரேவி குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். மீண்டும் சூடாக்கும்போது சிறிது சாறு சேர்த்து விஸ்கால் அடித்தால் பழைய பதம் வரும். முதல் பொரிப்பு முடிந்து ஆறிய கிழங்கைத் தட்டில் பரப்பி உறைபெட்டியில் வைத்து, இறுகியதும் பையில் இட்டுச் சேமிக்கலாம். அடுத்தமுறை அதை உருகவிடாமல், ஒட்டியிருக்கும் பனித்துகளை மட்டும் உதறிவிட்டு, நேரே 190 டிகிரி எண்ணெயில் சிறு சிறு பங்காகப் போட்டு, வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாகப் பொரித்தால் போதும்.